மாட்டு வண்டியின் பொறியியல்

மாட்டு வண்டியின் பொறியியல் என்பது, காளைகள் இழுக்கும் இருசக்கர வண்டியின் சக்கரம், அச்சு, நுகத்தடி முதலிய உறுப்புகளின் வடிவமைப்பையும், அவ்வடிவமைப்பு பாதையின் தன்மைக்கும் மாட்டின் வலிமைக்கும் எவ்வாறு ஈடுகொடுக்கின்றது என்பதையும் குறிக்கும். இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களையும், குறிப்பாகப் பரளச்சியைச் சூழ்ந்த மானாவாரி நிலப்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. கரிசல் மண், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்று மணல், கடும் வெயில் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இப்பகுதி, வண்டிச் சக்கரத்துக்குக் கடினமான தேர்வுக் களங்களுள் ஒன்று எனலாம்.

ஒரு மாடு எவ்வளவு பாரம் இழுக்கும் என்ற வினாவுக்கு மாட்டைப் பார்த்து மட்டும் விடை கூற இயலாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 இன் கீழ் 1965 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகள் இதற்கு நல்ல சான்றாகும். நடுத்தர அளவுள்ள ஒரு காளை, காற்றடைத்த டயர் இல்லாத இருசக்கர வண்டியில், வண்டியின் எடையையும் சேர்த்து 700 கிலோவுக்கு மேல் இழுக்கலாகாது என்கின்றன அவ்விதிகள். காற்று டயர் பொருத்திய வண்டியானால் அவ்வரம்பு 1050 கிலோ. பேரிங் எனப்படும் குண்டுத் தாங்கி பொருத்தியதானால் 1400 கிலோ. மாடு அதே மாடுதான். மாறியது வண்டியின் அடிப்பாகம் மட்டுமே. மாட்டின் கழுத்தில் விழும் துன்பத்தில் எவ்வளவு பங்கு தச்சராலும் கொல்லராலும் கூட்டவோ குறைக்கவோ கூடியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கீழே விசைகள் கிலோ என்ற அளவிலேயே கொடுக்கப்பட்டுள்ளன. இது கிலோகிராம்-விசையைக் குறிக்கும். நியூட்டனாக மாற்ற விரும்பும் மாணவர்கள் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

நிலமும் பாதையும்

சக்கரம் உருளும்போது தரையும் சக்கரமும் சற்றே அமுங்குகின்றன. அமுங்கிய பள்ளத்திலிருந்து சக்கரம் இடைவிடாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. இதனால் உண்டாகும் தடை, உருளல் தடை எனப்படும். இரும்புப் பட்டை போட்ட சக்கரத்துக்கு நல்ல கெட்டிச் சாலையில் இத்தடை மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரை இருக்கும். இறுகிய மண் பாதையில் இருபதில் ஒரு பங்கு. இளகிய மணலில் ஏழில் ஒரு பங்காகவோ அதற்கு மேலாகவோ உயர்ந்துவிடும்.

இனி மாட்டின் பக்கம் பார்ப்போம். ஒரு காளை நாள் முழுவதும் சீராக இழுக்கக்கூடிய விசை அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எனக் கொள்வது வழக்கம். தலா 300 கிலோ எடையுள்ள ஒரு சோடிக் காளைகள் 60 கிலோ விசையைத் தொடர்ந்து தரும். மணிக்கு 3.6 கி.மீ., அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அவை நடந்தால், கிடைக்கும் திறன் ஏறத்தாழ 590 வாட். ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. கிணற்றில் இறக்கும் சிறிய நீரேற்றி ஒன்றின் அளவுதான்.

வண்டியும் பாரமுமாக 1000 கிலோ எனக் கொண்டால், இறுகிய மண் பாதையில் 50 கிலோ விசை தேவை. மாடுகள் தாக்குப்பிடிக்கும். அதே வண்டி குண்டாற்று மணலில் இறங்கினால் 140 கிலோவுக்கு மேல் வேண்டும். காளைகள் சிறிது நேரத்துக்குத் தம் வழக்கமான விசையைப்போல் இரு மடங்கு அல்லது அதற்கு மேலும் தரவல்லவை. ஆயினும் அது சில நிமிடங்களுக்கே. எனவேதான் ஆற்றைக் கடக்கும்போது பாரத்தில் பாதியை இறக்குதல், இன்னொரு சோடி மாட்டை முன்னால் பூட்டுதல், ஆட்கள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுதல் ஆகிய வழக்கங்கள் இருந்தன. இவற்றுள் கடைசியானதில் ஒரு நுட்பம் உண்டு. தரையைத் தொடும் புள்ளியையே சுழல்மையமாகக் கொண்டு சக்கரம் உருளுகின்றது. ஆகவே சக்கரத்தின் உச்சியைப் பிடித்து முன்னோக்கித் தள்ளும் ஒருவரின் விசை, அச்சில் தள்ளுவதைப்போல் இரு மடங்கு பயன் தருகின்றது. வண்டியின் பின்பலகையில் கைவைத்துத் தள்ளுபவருக்கு இந்த ஆதாயம் இல்லை.

கரிசல் மண் இதற்கு நேர்மாறான இயல்புடையது. கோடையில் வெடித்துப் பாறைபோல் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்பிக் களியாகும். ஈரக் களி சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தையே தாங்குவதாகக் கொள்வோம். ஐந்து செ.மீ. அகலமுள்ள இரும்புப் பட்டையின்மேல் 250 கிலோ விழுந்தால், தேவையான பரப்பு கிடைக்கும் வரை சக்கரம் இறங்கிக்கொண்டே போகும். 75 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு இக்கணக்கு ஏறத்தாழ 19 செ.மீ. ஆழம் தருகின்றது, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இதற்கு மேல் களி ஆரக்கால்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டு சக்கரத்தின் எடையையும் கூட்டும். கரிசல் காட்டில் மழைக்காலத்தில் வண்டி பூட்டாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று.

உறுப்புகள்

சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து வெளிநோக்கிச் செல்பவை ஆரக்கால்கள். ஆரக்கால்களின் வெளிமுனைகளைச் சுற்றி வளைவான மரத்துண்டுகள் பொருந்தி வட்டை ஆகின்றன. வட்டையின்மேல் இரும்புப் பட்டை இறுக்கப்படும். குடத்தின் துளையில் அச்சின் முனை நுழையும்; சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் கோடியில் கடையாணி செருகப்படும். அச்சின் மேல் தெப்பக்கட்டையும் அதன்மேல் வண்டியின் சட்டமும் அமையும். சட்டத்திலிருந்து முன்னோக்கி நீளும் ஏர்க்காலின் நுனியில் நுகத்தடி குறுக்காகக் கட்டப்படும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு இணைக்கும். பக்கங்களில் நடப்படும் ஊணிக்கம்புகள் பாரம் சரியாமல் காக்கும்.

சக்கரம்

அரப்பா அகழாய்வுகளில் கிடைத்த சுடுமண் பொம்மை வண்டிகள் பலவற்றில் சக்கரம் ஒரே தட்டாக உள்ளது. தட்டுச் சக்கரம் செய்ய எளிது. ஆனால் கனமானது, மரத்தின் இழை செல்லும் திசையில் பிளக்கக்கூடியது. ஆரக்கால் சக்கரம் இக்குறையை நீக்கியது. ஒவ்வொரு ஆரக்காலிலும் மர இழை நீளவாக்கில் செல்வதால், பாரம் எப்போதும் இழையின் வலுவான திசையிலேயே விழுகின்றது.

தென் மாவட்டங்களின் வண்டிச் சக்கரம் பெரியது. விட்டம் ஐந்தடி வரை இருக்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆரக்கால்களுக்கு ஒரு வட்டைத் துண்டு என்ற முறையில், பன்னிரண்டு ஆரக்கால்களும் ஆறு வட்டைத் துண்டுகளும் கொண்ட சக்கரங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. பெரிய சக்கரத்தின் பயன் என்ன? பாதையில் 5 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் கிடப்பதாகக் கொள்வோம். 75 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் அதன்மேல் ஏறத் தொடங்க, சக்கரத்தின்மேல் உள்ள பாரத்தில் 0.38 பங்கு கிடைவிசை தேவை. ஆரம் 35 செ.மீ. ஆனால் 0.6 பங்கு தேவை. அதாவது 500 கிலோ தாங்கும் ஒரு சக்கரத்துக்கு முறையே 190 கிலோவும் 300 கிலோவும் ஆகும். ஓடும் வண்டியின் வேகம் இதில் ஒரு பகுதியைத் தானே ஈடுகட்டும். எஞ்சியது நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் அடியாக விழும். சக்கரத்தின் உயரம் மாட்டுக்குச் செய்யும் உதவி இதுவே.

சக்கரத்துக்குக் கருவேல மரம் விரும்பப்பட்டது. கண்மாய்களின் உட்பகுதியில் வளரும் இம்மரம் கனமும் கடினமும் உடையது. குடத்தில் துளையிட்டு ஆரக்கால்களை அடித்து இறக்கினாலும் எளிதில் பிளக்காது. இன்று இவ்வட்டாரத்தில் எங்கும் பரவியிருக்கும் சீமைக் கருவேலம் வேறு மரம். அடியிலிருந்தே பல கிளைகளாகக் கோணிப் போவதால் அதில் நீண்ட நேரான துண்டு கிடைப்பது அரிது. விறகுக்கும் கரிமூட்டத்துக்குமே அது பெரிதும் பயன்படுகின்றது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இரும்புப் பட்டை போடுதல் சக்கர வேலையின் முடிவான கட்டமாகும். தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. பட்டையின் உட்சுற்றளவு வட்டையின் வெளிச்சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்குமாறு பட்டை வளைத்து இணைக்கப்படும். பின்னர் அதை வட்டமான நெருப்பில் இட்டுச் சூடேற்றுவர். இரும்பு ஒரு பாகை செல்சியசுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 150 செ.மீ. விட்டமுள்ள பட்டையின் சுற்றளவு 471 செ.மீ. வெப்பநிலை 600 பாகை உயர்ந்தால், 471 × 600 × 0.000012 என்ற கணக்கின்படி சுற்றளவு 3.4 செ.மீ. கூடும். சிவந்த பட்டையைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் எரியத் தொடங்குமுன் நீரூற்றிக் குளிர்விப்பர். பட்டை சுருங்கும்போது வட்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று நெருக்குண்டு, ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகி, முழுச் சக்கரமும் ஒரே உறுப்பாகிவிடும்.

பட்டையை எவ்வளவு குறைத்து அளப்பது என்பதில்தான் திறமை அடங்கியுள்ளது. குறைவு போதாவிட்டால் பட்டை சில மாதங்களில் கழலும். மிகுந்துவிட்டால் ஆரக்கால்கள் வளையும் அல்லது குடம் வெடிக்கும். அளவுநாடா இல்லாத காலத்தில், சிறு உருளை ஒன்றை வட்டையின்மேல் உருட்டிச் சுற்றுகளை எண்ணி, அதே உருளையைப் பட்டையின் உட்புறத்திலும் உருட்டி ஒப்பிடும் முறை பல நாடுகளின் சக்கரத் தொழிலாளரிடமும் இருந்தது. பை என்னும் மாறிலியை எழுதாமலே அதைத் தாண்டிச் செல்லும் வழி இது.

வறண்ட பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சித்திரை வெயிலில் மரம் ஈரம் இழந்து சுருங்கும். இரும்போ வெயிலில் விரியும். எனவே கோடையில் பட்டை தளர்ந்து, ஆரக்கால்கள் ஆடத் தொடங்கும். சக்கரத்தைக் கழற்றிக் கண்மாய் நீரிலோ ஊருணியிலோ ஊறப்போடுவது இதற்குரிய எளிய மருத்துவமாகும். ஊறிய மரம் உப்பி மீண்டும் இறுகும். கண்மாயும் வற்றிய ஆண்டுகளில் பட்டையைக் கழற்றி வெட்டிச் சிறிதாக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அச்சும் மசகும்

குடத்துக்கும் அச்சுக்கும் இடையிலான உராய்வு இரண்டாவது தடை. அச்சின் ஆரத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்து, உராய்வுக் கெழுவால் பெருக்கினால், பாரத்தில் எத்தனை பங்கு விசை இவ்வுராய்வுக்குச் செலவாகின்றது என்பது கிடைக்கும். மர அச்சு தடிமனாக இருந்தாகவேண்டும். அதன் முனையின் ஆரம் 5 செ.மீ., உலர்ந்த மரத்தோடு மரம் உராயும் கெழு 0.35 எனக் கொண்டால், 0.35 × 5 ÷ 75 = 0.023. ஆயிரம் கிலோவுக்கு 23 கிலோ. நல்ல சாலையின் உருளல் தடைக்கு இது ஏறத்தாழச் சமம். மாடு பாதையோடு போராடுவது பாதி, அச்சோடு போராடுவது பாதி என்றாகின்றது.

இரும்பு அச்சு வந்தபின் நிலைமை மாறியது. அதன் முனை 2 செ.மீ. ஆரம் இருந்தால் போதும். குடத்துக்குள் இரும்புக் குழல் பொருத்தி மசகும் இட்டால் உராய்வுக் கெழு 0.1 ஆகக் குறையும். 0.1 × 2 ÷ 75 = 0.0027; ஆயிரம் கிலோவுக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. மாட்டுக்கு இவ்வளவு பெரிய விடுதலை தந்த மாற்றம் வண்டியின் வெளித்தோற்றத்தில் கண்ணுக்கே தெரியாது.

மசகாகப் பயன்பட்டது விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த கலவை. இது வண்டி மை எனவும் வழங்கும். எண்ணெய் மட்டும் இட்டால் வழிந்துவிடும். கரித்தூள் அதைத் தாங்கிப் பிடித்துக் குழம்பாக்குகின்றது. இக்கலவையை மூங்கில் குழாயில் இட்டு வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பர். மசகு வற்றிய சக்கரம் எழுப்பும் கிறீச்சென்ற ஒலி, உராய்வில் வீணாகும் ஆற்றலின் ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி வெப்பமாகிக் குடத்தைத் தின்னும்.

அச்சைப் பற்றிய இரண்டு செய்திகள் பழந்தமிழ் நூல்களில் உள்ளன. புறநானூற்றின் 102 ஆம் பாடலில், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துச் செல்வதை ஔவையார் உவமையாக ஆள்கின்றார். இன்றைய ஊர்திகளில் உள்ள மாற்றுச் சக்கரத்தின் மூதாதை என இதனைக் கூறலாம். எந்த உறுப்பு முதலில் முறியும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்து, அதற்கு மட்டும் மாற்று வைத்துக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. சக்கரத்துக்கோ ஏர்க்காலுக்கோ அப்பாடல் மாற்றுக் கூறவில்லை. மற்றொன்று திருக்குறள். அதன் 667 ஆம் குறள் பெருந்தேரின் அச்சாணியை, உருவத்தால் சிறியவரின் சிறப்புக்கு உவமையாக்குகின்றது. கடையாணி பாரம் எதையும் தாங்குவதில்லை. சக்கரம் பக்கவாட்டில் நகர்வதை மட்டுமே தடுக்கின்றது. அது இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே சக்கரம் கழன்றுவிடும்.

முன்பாரமும் பின்பாரமும்

இருசக்கர வண்டி ஒரு நெம்புகோல். அச்சு அதன் சுழல்மையம். நுகத்தடி அதன் நுனி. பாரத்தின் மையம் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் கழுத்தில் பளு இல்லை. முன்னே இருந்தால் முன்பாரம், கழுத்தை அமுக்கும். பின்னே இருந்தால் பின்பாரம். ஏர்க்கால் மேலெழும்ப முயன்று, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டும் தீது. ஆயினும் சிறிது முன்பாரம் வைத்தே ஏற்றுவர். குலுங்கும் பாதையில் நுகத்தடி கழுத்தின்மேல் துள்ளாமல் படிந்திருக்க அது உதவும்.

அச்சிலிருந்து நுகத்தடி 3 மீட்டர் தொலைவில் உள்ளதென்றும், பாரம் 800 கிலோ என்றும் கொள்வோம். பாரத்தின் மையம் அச்சுக்கு 10 செ.மீ. முன்னே நகர்ந்தால் கழுத்துகளில் விழும் பளு 800 × 0.1 ÷ 3 = 27 கிலோ. ஒரு சாக்கு மூட்டையைச் சற்று முன்னுக்குத் தள்ளிவைப்பதில் இவ்வளவு வேறுபாடு உண்டாகின்றது.

உயரமான பாரம் இதைவிடச் சிக்கலானது. சோளத்தட்டையோ வைக்கோலோ ஏற்றிய வண்டியில், பாரத்தின் மையம் அச்சுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கக்கூடும். சமதரையில் சரியாக நிற்கும் அப்பாரம், பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில் தானாகவே 10 செ.மீ. முன்னே சாய்ந்துவிடும். அப்போது மேற்கூறிய 27 கிலோவில், தட்டையின் எடைக்கேற்ற பங்கு கழுத்துக்கு வந்துசேரும். கண்மாய்க் கரையிலிருந்து வண்டி இறங்கும்போது மாடுகள் தலையைத் தாழ்த்தி நிற்பதன் காரணம் இதுவே. தடைக்கட்டை இல்லாத வண்டியில், முன்னுக்கு உருளும் வண்டியை நிறுத்தும் பணியும் அதே கழுத்துக்குத்தான். ஏற்றத்தின் கடுமையை 1965 ஆம் ஆண்டு விதிகளும் கணக்கில் கொண்டுள்ளன. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவுக்கு, 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் உயரும் ஏற்றமிருந்தால், பாரத்தின் வரம்பு பாதியாகக் குறைக்கப்பட வேண்டும்.

மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்பதற்குத் திருக்குறளின் 475 ஆம் குறள் மயிற்பீலியை எடுத்துக்காட்டுகின்றது. பொறியியல் மாணவர் ஒருவர் இதனைத் தாங்குதிறன் பற்றிய பாடமாகவே படிக்கலாம். தனித்தனியே எடையற்றதாகத் தோன்றுவதன் மொத்தமே உறுப்பை முறிக்கின்றது. பருத்திப் பொதி ஏற்றும் ஊர்களில் இது வெறும் உவமையன்று.

நுகத்தடி

வண்டியின் எல்லா உறுப்புகளிலும் மிகக் குறைவாகச் சீர்திருத்தப்பட்டது நுகத்தடியே என்பது கட்டுரையாளரின் கருத்து. சக்கரம் பட்டை பெற்றது, அச்சு இரும்பாயிற்று, நுகத்தடியோ பெரும்பாலும் செதுக்கிய மரத்தடியாகவே நின்றுவிட்டது. திமிலுக்கு முன்னே கழுத்தின் மேற்புறத்தில், உள்ளங்கையளவுப் பரப்பில் இழுவிசை முழுவதும் விழுகின்றது. 60 கிலோ விசையை இரண்டு மாடுகள் பகிர்ந்தால் கழுத்துக்கு 30 கிலோ. 50 சதுர செ.மீ. பரப்பில் அது பரவினால் தாங்கத்தக்கதே. ஆனால் தடி உருண்டையாக இருந்து, 10 சதுர செ.மீ. மட்டுமே தொட்டால் அழுத்தம் ஐந்து மடங்காகும். வியர்வையும் தூசியும் சேர அங்கே தோல் உரிந்து கழுத்துப்புண் உண்டாகும். புண்பட்ட மாட்டை மீண்டும் பூட்டினால் புண் ஆறாது. பூட்டாவிட்டால் உழவும் வண்டியும் நின்றுபோகும். சிறு உழவர் ஒருவரின் ஓராண்டு வருவாய் இந்த உள்ளங்கையளவு தோலை நம்பியிருந்தது.

கழுத்தில் படும் இடத்தை அகலமாக்கி வளைவாகச் செதுக்குதல், விளிம்புகளை மழுக்குதல், துணியோ சணலோ சுற்றி மெத்தையாக்குதல் ஆகியவை இதற்கு எளிய தீர்வுகள். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. இரண்டு மாடுகளும் ஒரே உயரமும் ஒத்த நடையும் உள்ளனவாக இருப்பதும் முதன்மையானது. ஏர்க்காலைக் கட்டும் இடம் நுகத்தடியின் நடுவிலிருந்து விலகியிருந்தால், அருகிலுள்ள மாட்டுக்குக் கூடுதல் பங்கு விழும். ஒரு மாடு இளைத்திருக்கும்போது இதனை வேண்டுமென்றே செய்து, வலிய மாட்டின் பக்கம் கட்டை நகர்த்துவதும் உண்டு.

டயர் வண்டி

காற்றடைத்த டயருக்கு யோன் பாய்டு டன்லப் 1888 இல் காப்புரிமை பெற்றார். அது முதலில் மிதிவண்டிக்கே பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது மாட்டு வண்டிக்கும் வந்து, டயர் வண்டி எனப் பெயர்பெற்றது.

தார்ச்சாலையில் காற்று டயரின் உருளல் தடை பாரத்தில் எழுபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறையக்கூடும். ஈர மண்ணிலும் ஆதாயம் உண்டு. முன்னர்க் கூறிய 250 கிலோவை 15 செ.மீ. அகலமுள்ள டயர் தாங்கினால், அதே களியில் அது நான்கைந்து செ.மீ. மட்டுமே இறங்கும். இரும்புப் பட்டை தார்ச்சாலையை வெட்டிப் பள்ளமாக்குவதைப்போல் டயர் செய்வதில்லை. தளம் தாழ்வாக இருப்பதால் மூட்டை ஏற்றுவதும் எளிது.

குறைகளும் உள. சக்கரம் சிறியதாவதால் அச்சு கீழே போகின்றது. நுகத்தடி அச்சைவிட எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்கு, மாடு இழுக்கும் விசையே வண்டியின் முன்பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பும். 50 கிலோ இழுவிசைக்கு, உயர வேறுபாடு 45 செ.மீ. ஆனால் கழுத்தில் கூடுவது 7.5 கிலோ, 85 செ.மீ. ஆனால் 14 கிலோ. பின்பாரம் சிறிது கூட்டி இதனைச் சரிசெய்யலாம் என்றாலும், ஏற்றும்போது இதை நினைவில் வைப்பவர் குறைவு. சிறிய சக்கரத்தில் அச்சு உராய்வின் பங்கும் இரு மடங்காவதால் பேரிங் தேவைப்படுகின்றது. எனவேதான் டயரும் பேரிங்கும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

இவ்வட்டாரத்தில் எல்லாவற்றிலும் பெரிய இடையூறு முள். கருவேலமும் சீமைக் கருவேலமும் நிறைந்த காட்டுப் பாதையில் ஒரு முள் போதும், நடுக்காட்டில் வண்டி நின்றுவிடும். மரச் சக்கரத்தை உள்ளூர்த் தச்சர் சரிசெய்வார். டயருக்கு ஒட்டுப் போடுபவர் ஊர்தோறும் இருப்பதில்லை. இதனால் சாலையோர ஊர்களில் டயர் வண்டியும் உட்காட்டு ஊர்களில் மரச் சக்கரமும் நெடுங்காலம் அருகருகே நீடித்தன. விதிகளில் உள்ள 700, 1050, 1400 என்ற ஏறுமுகம் நல்ல சாலைக்குப் பொருந்தும். ஆற்று மணலில் அந்த இரட்டிப்பை எதிர்பார்ப்பது மாட்டுக்குச் செய்யும் தீங்காகவே முடியும்.

மாட்டு வண்டியைத் தனிப் பொறியியல் ஆய்வுக்குரிய பொருளாக இந்திய அளவில் முன்னிறுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர், பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எஸ். இராமசாமி ஆவார். 1970களில் அவர் மேற்கொண்ட ஆய்வுகள், விலங்கின் ஆற்றலையும் நாட்டின் ஆற்றல் வளங்களுள் ஒன்றாகக் கணக்கிட்டு, வண்டியின் எடையைக் குறைத்தல், நுகத்தடியைத் திருத்துதல், பேரிங் பொருத்துதல் ஆகியவற்றை வலியுறுத்தின. மேம்பட்ட வண்டிகள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. விலை ஒரு காரணம். வண்டி செய்பவர் ஊர்த் தச்சர் என்பதும், அவரிடம் இல்லாத கருவியைக் கோரும் வடிவமைப்பு ஊருக்குள் நுழையாது என்பதும் இன்னொரு காரணம்.

வகைகள்

பாரம் ஏற்றும் வண்டி கட்டை வண்டி எனப்படும். ஆட்கள் செல்வதற்கு வளைத்த மூங்கிலால் கூண்டு கட்டியது கூண்டு வண்டி. அச்சுக்கும் தளத்துக்கும் இடையே எஃகு வில் வைத்தது வில் வண்டி. இது வசதி படைத்தோரின் ஊர்தியாக இருந்தது. வில் வைத்ததால் பயணிக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் நன்மை உண்டு. கல்லில் ஏறும்போது தளமும் பாரமும் உடனே எழவேண்டியதில்லை என்பதால் கழுத்தில் விழும் அடி மென்மையாகின்றது.

தென் மாவட்டங்களில் கோவில் திருவிழாக்களையொட்டி நடைபெறும் மாட்டு வண்டிப் பந்தயங்களுக்கான வண்டி முற்றிலும் வேறான இலக்கணம் உடையது. பாரம் இல்லை; தளம் என ஒன்று இருப்பதும் பெயரளவுக்கே. எடையைக் குறைப்பதே வடிவமைப்பின் ஒரே நோக்கம். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனக் காளைகளின் அளவுக்கேற்பப் போட்டிகள் பிரிக்கப்படுகின்றன.

பயன்பாடு

மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் தொடருந்துப் பாதை 1870களில் அமைந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக விருதுநகரையும் மானாமதுரையையும் இணைக்கும் பாதை 1960களில்தான் வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், இப்பகுதியின் பருத்தியும் மிளகாய் வற்றலும் மல்லியும் விருதுநகர்ச் சந்தைக்குச் செல்ல வண்டியே பெருந்துணையாக இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகருக்கு ஏறத்தாழ 20 கி.மீ.; பாரவண்டிக்கு ஆறு மணி நேரம். திருச்சுழி, பரளச்சிப் பக்கத்து வண்டிகளுக்கு அதற்கு மேல் இன்னொரு பாதிப் பயணம் உண்டு.

பின்னர் இழுவை இயந்திரமும், 2005 இல் வெளிவந்து குட்டி யானை என மக்களால் அழைக்கப்படும் டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்குந்துகளும் வண்டியின் இடத்தைப் பிடித்தன. இன்று பார வண்டிகள் மிகக் குறைந்துவிட்டன. பட்டை போடத் தெரிந்த கொல்லரைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலையே பல இடங்களில் உள்ளது.

பாரத்துக்கு மட்டுமன்றி நேரத்துக்கும் 1965 ஆம் ஆண்டு விதிகள் வரம்பு கூறுகின்றன. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் விலங்கைப் பூட்டலாகாது. வெப்பநிலை 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டலாகாது. சித்திரை, வைகாசியில் இவ்வட்டாரம் அந்த வெப்பத்தைத் தாண்டுவது வழக்கம். இவ்வூர் வண்டிகள் பொழுது சாய்ந்தபின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டு, விடியுமுன் சந்தை சேர்ந்தன. பழகிய தடத்தில் மாடுகள் தாமே நடக்க, வண்டியோட்டி மூட்டைகளின்மேல் உறங்கிக்கொண்டு செல்வதும் உண்டு.